ஆறுமுகநேரி வட்டாரத்தில் ஆலைமனை மண்ணாய்வு

ஆலைமனை மண்ணாய்வு என்பது, தொழிற்சாலை எழுப்பத் தேர்ந்த நிலத்தின் மண்ணடுக்குகள், தாங்குதிறன், நிலத்தடி நீர், வேதியியல் தன்மை ஆகியவற்றைக் கட்டுமானத்துக்கு முன்பே துளையிட்டும் சோதித்தும் அறிந்து, அவற்றுக்கேற்ற கடைக்காலைப் பரிந்துரைக்கும் பொறியியல் பணியாகும். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு வடக்கே, காயல்பட்டினத்தை அடுத்துள்ள ஆறுமுகநேரி உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. அதன் அருகே சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் காஸ்டிக் சோடா ஆலை அமைந்தது. உப்பும் ஆலையும் அடுத்தடுத்துள்ள இவ்வட்டாரத்தில் மண்ணாய்வுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

நிலத்தின் இயல்பு

இக்கரையோர நிலத்தை ஆறு, கடல், காற்று ஆகிய மூன்றும் உருவாக்கியுள்ளன. தாமிரபரணி வடக்கே புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதற்கு, அந்த ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து கரை விலகியது முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. தென்மேற்கே குதிரைமொழித் தேரியில், இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணலைக் காற்று மேடுகளாகக் குவித்துள்ளது. இத்தகைய நிலத்தில் மணல், வண்டல், களி ஆகியவை குறுகிய தூரத்திலேயே மாறக்கூடும் என்பதால், மனையின் ஒரு மூலையில் இட்ட துளையைக் கொண்டு மறு மூலையை முடிவு செய்ய இயலாது.

களப்பணி

துளைகளின் இடமும் ஆழமும், ஐ.எஸ். 1892 என்னும் இந்தியத் தரநெறியின்படி, எழவிருக்கும் கட்டமைப்புகளின் எடையையும் பரப்பையும் பொறுத்து முடிவாகின்றன. மணற்பாங்கில் துளை சரியாதிருக்கக் கேசிங் குழாய் இறக்கப்படுகிறது. ஐ.எஸ். 2131 வகுத்த தர ஊடுருவல் சோதனையில், 63.5 கிலோ எடையுள்ள சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து மாதிரிக் குழாயை மண்ணில் இறக்குகிறது. முதல் 15 செ.மீ. இறக்கத்தை விடுத்து, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடிகள் தேவை என்ற எண்ணிக்கையே 'என்' (N) மதிப்பு எனப்படும். மணலில் அது 10-க்குக் குறைந்தால் தளர்வையும், 30-க்கு மேற்பட்டால் நல்ல செறிவையும் காட்டும். களி அடுக்கு வந்தால், அதன் கட்டமைப்புக் குலையாதவாறு மெல்லிய சுவருள்ள குழாயில் மாதிரி எடுக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயரக்கூடும் என்பதால், கோடையில் அளந்த மட்டத்தை மட்டும் கொண்டு வடிவமைப்பது பாதுகாப்பானதன்று.

ஆய்வகச் சோதனைகள்

மணலுக்குச் சல்லடைப் பகுப்பும், களிக்கு நெகிழ்வு எல்லைச் சோதனையும், வலிமையை அறிய வெட்டுச் சோதனையும் செய்யப்படுகின்றன. சுமை ஏறியதும் ஈரக்களியிலுள்ள நீர் மெல்ல வெளியேற, நிலம் ஆண்டுக்கணக்கில் அமிழும். இதைப் பொறியியலாளர் கார்ல் டெர்சாகி 1920களில் கோட்பாடாக நிறுவினார். அமிழ்வின் அளவையும் வேகத்தையும் இறுகல் சோதனை கணிக்க உதவுகிறது. உப்பள நிலத்தில் வேதிச் சோதனை இவற்றுக்கு நிகரான இடம் பெறுகிறது. குளோரைடு கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வதாலும், சல்பேட் சிமெண்டைச் சிதைப்பதாலும், மண்ணிலும் நீரிலும் அவற்றின் அளவைக் கண்டே சிமெண்டின் வகையும் கம்பியின் மேலுள்ள காப்புக் கனமும் ஐ.எஸ். 456-இன் வழியே தீர்மானிக்கப்படுகின்றன.

கடைக்கால் பரிந்துரை

ஆலைக்கு ஒரே வகைக் கடைக்கால் போதாது. பெரும் சேமிப்புத் தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்தால் அதனோடு இணைந்த குழாய்கள் பிளவுறக்கூடும். கம்ப்ரசர் போன்ற அதிரும் இயந்திரங்களுக்கு நிலத்தின் அதிர்வுத் தன்மையும் தெரிய வேண்டும். மேலடுக்கு செறிவாக இருப்பின் தனிக் கடைக்காலோ, கட்டமைப்பின் அடி முழுவதும் பரவும் ராஃப்ட் அடித்தளமோ போதும். தளர்ந்திருப்பின் மண்ணை இறுக்கவோ, உறுதியான அடுக்கு வரை பைல் எனும் ஆழ்தூண்களை இறக்கவோ வேண்டும். ஆறுமுகநேரி போன்ற உப்பளக் கரையில், தாங்குதிறனை மட்டும் சொல்லி உப்பின் அளவைச் சொல்லாத மண்ணாய்வு அறிக்கை முழுமையானதன்று.