கவடியாரிலிருந்து கிழக்கேகோட்டை வரை

டிரான்ஸ்பர் ஆர்டரில் திருவனந்தபுரம் என்று பார்த்ததும் அம்மா சொன்னது, "பத்மநாபசாமி காலடியில இருக்கப்போற, கொடுத்து வச்சவன்". ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சொன்னது, "ஓடுங்க, இல்லேன்னா மாத்திரை". இரண்டு பேர் பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்க ஒரு வழி கண்டுபிடித்தேன். காலை ஐந்தே காலுக்கு கவடியாரில் கிளம்பி, கோயில் வாசல் வரை ஓடுவது. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். திரும்பும்போது பஸ் :-)

ஓடுவது என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்தைந்து வயதில், கௌண்டர், டேபிள், கேபின் என்று உட்கார்ந்தே தேய்ந்த உடம்பு இது. முன்னால் நடந்துபோகிற பெரியவரைத் தாண்டவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஆனால் மெதுவாக ஓடுகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. வழியில் இருக்கிற கல்வெட்டு, சிலை, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

கவடியாரிலிருந்து வெள்ளையம்பலம் வரைக்குமான ரோட்டை இங்கே ராஜபாதை என்கிறார்கள். ஒரு முனையில் கவடியார் அரண்மனை. திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள், தினமும் காலையில் அரண்மனையிலிருந்து பத்மநாபசாமி கோயிலுக்குப் போய் வந்த வழி இது. இரண்டு பக்கமும் மரம், அகலமான நடைபாதை, காலையில் போக்குவரத்தும் குறைவு. கும்பகோணத்துப் பக்கம் சந்துகளில் சைக்கிளுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கியே வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு ரோடு கிடைத்தால் கால் தானாக ஓடும்.

வெள்ளையம்பலம் சந்திப்பில் ஒரு சிலை. தலைப்பாகை, கோட்டு, நிமிர்ந்த உடம்பு. முதல் இரண்டு வாரம் யாரோ திவானாக இருக்கும் என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்தேன். அய்யன்காளி சிலை அது. 1980-ல் இந்திரா காந்தி திறந்து வைத்தது. பி.காம் படித்தவனுக்கு சரித்திர ஞானம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் எனக்கும். அவரைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன், ரோடு இன்னும் இருக்கிறது.

அங்கிருந்து கனகக்குன்னு அரண்மனை, அதையடுத்து மியூசியம். நேப்பியர் மியூசியத்தைக் கட்டத் திட்டம் போட்டவர் சிஷோல்ம். சென்னை மெரினாவில் செனட் ஹவுஸ் பார்த்திருப்பீர்களே, அதே மனுஷன். 1880-ல் முடிந்த கட்டடம். கேரளத்து ஓட்டுக்கூரையையும் வட்டாரத்துக்குச் சம்பந்தமில்லாத வளைவுகளையும் கலந்து, வரிவரியாக வண்ணம் பூசி வைத்திருக்கிறார். யார் போட்டாலும் கோமாளித்தனமாக இருக்க வேண்டியது, இவர் கையில் அழகாக இருக்கிறது. காலையில் மியூசியம் வளாகத்தில் நடக்க வருகிற கூட்டம் அதிகம். ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரிகள் அத்தனை பேரும் அங்கேதான் அரசியல் பேசுவார்கள் போல. நான் உள்ளே போகாமல் வெளியே ஓடிவிடுவேன். அடுத்து எல்.எம்.எஸ். சந்திப்பு. லண்டன் மிஷனரி சொசைட்டியின் பெயர்தான் மூன்று எழுத்தாக மிஞ்சி நிற்கிறது. அந்த மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் பெயரில் அங்கே ஒரு தேவாலயம். திருவிதாங்கூரில் யார் எந்த ரோட்டில் நடக்கலாம், யார் யாரைப் பார்த்தால் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர்களில் அவர் ஒருவர்.

பாளையத்தில் சர்ச், மசூதி, பிள்ளையார் கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில். அதைத் தாண்டி தலைமைச் செயலகம் வந்தால் எனக்கு ஒரு தனி சந்தோஷம். எதிரே நிற்கிற சிலை எங்கள் ஊர்க்காரர். சர் டி. மாதவராவ், 1828-ல் கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராட்டியர். முப்பது வயசுக்குள் திருவிதாங்கூர் திவான். 1872 வரை பதவியில் இருந்தார். இந்த இடத்துக்கே 'ஸ்டாச்சு' என்றுதான் பேர். பஸ் கண்டக்டர் "ஸ்டாச்சு, ஸ்டாச்சு" என்று கத்தும்போதெல்லாம் நம்ம ஊர் ஆளைத்தான் கூப்பிடுகிறான் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். பீற்றுவதற்கு விஷயமும் உண்டு. கஜானா காலியாக இருந்த சமஸ்தானத்தை நிமிர்த்தியவர். புகையிலை, மிளகு இரண்டிலும் சர்க்கார் வைத்திருந்த ஏகபோகத்தை எடுத்தார். 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் வணிக ஒப்பந்தம். 1869-ல் முடிந்த செயலகக் கட்டடமும் அவர் காலத்தது. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட நல்ல ஹீரோ கிடைப்பாரா?

அதே 1865-ல் இன்னொன்றும் நடந்தது. சமஸ்தானத்தின் பொது ரோடுகள் எல்லாம் எல்லா சாதிக்காரர்களுக்கும் பொது என்று ஒரு அரசாங்க அறிவிப்பு. படித்ததும் நெஞ்சு விரிந்தது. ஊருக்கு ஃபோன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போட்டது சரிப்பா... நடந்தாங்களா?" என்று கேட்டார்.

அப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு என் தாத்தாவைச் சொல்ல வேண்டும். எங்கள் கிராமத்தில் அக்கிரகாரத் தெரு முனை வந்ததும் தாத்தா செருப்பைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொள்வார். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போதும், அதாவது எண்பதுகளின் கடைசியிலும், அப்படித்தான். அந்தத் தெருவில் பாதி வீடு அப்போதே பூட்டிக் கிடந்தது, கேட்பதற்கு ஆளில்லை. "போட்டுக்கிட்டே வா தாத்தா" என்பேன். "காலு தானா கழட்டுதுடா" என்பார்.

அப்பாவின் கேள்விக்கு பதில் தேடத்தான் கொஞ்சம் படித்தேன். 1865 அறிவிப்பு நடைமுறைக்கு வரவில்லை. 1884-ல் அதையே திரும்பவும் ஒருமுறை அறிவித்தார்கள். உடனே அது திருவிதாங்கூர் ஹைகோர்ட்டுக்குப் போனது. கோர்ட் அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் ரோடுகளை இரண்டாகப் பிரித்துவிட்டது. ராஜவீதி எல்லாருக்கும், கிராமவீதி அப்படி இல்லை. கீழே பொடி எழுத்தில் நிபந்தனை சேர்க்கிற வித்தை எங்கள் தொழிலில் மட்டும் இல்லை பாருங்கள்.

மாதவராவைக் குறை சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. 1859-ல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான அறிவிப்பு வந்தபோதும் திவான் அவர்தான். அதிலும் ஒரு வால் இருந்தது. மேலே துணி போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. கொடுக்கிற கையே பாதியைப் பிடித்துக்கொண்டது. சட்டத்தை எழுதிய ஆளுக்கு அவ்வளவுதான் துணிச்சலா, அல்லது அந்தக் காலத்தில் அதற்கு மேல் எழுத முடியாதா, தெரியவில்லை. சிலையைத் தாண்டும்போது வேகம் கொஞ்சம் குறையும் எனக்கு.

இனி அய்யன்காளி. 1863-ல் வெங்கானூரில் பிறந்தவர், நகரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்துக்குப் பக்கம். புலையர் சமூகம். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அறிவிப்பு வந்தது 1855-ல். அதற்கு எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அறிவிப்பின்படி சுதந்திர மனிதர், நடைமுறையில் ரோட்டில் கால் வைக்க முடியாது. படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. 1893-ல் ஒரு வேலை செய்தார். ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு மாடு, கழுத்தில் மணி. தலைப்பாகை கட்டி, வெள்ளைத் துணி உடுத்தி, வண்டியில் ஏறி பொது ரோட்டில் போனார். அவ்வளவுதான். மேடை இல்லை, மனு இல்லை. மாட்டு மணிச் சத்தம் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிக்கொண்டே போயிருக்கும்.

தடுத்தார்கள், அடிதடி ஆனது. பிறகு ஆட்களைத் திரட்டி ரோடுகளில் நடந்தே போனார். பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரிய கலவரம். அந்தச் சாலியர்கள் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து நெசவுக்காகக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிழைக்க வந்த இடத்தில் நாமும் உள்ளூர் அளவுகோலை எவ்வளவு சீக்கிரம் கையில் எடுத்துவிடுகிறோம்.

அறிவிப்பு வந்த வருஷம் 1865. வண்டி போன வருஷம் 1893. நடுவில் 28 வருஷம் அந்தக் காகிதம் எங்கேயோ ஒரு கட்டில் கிடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் பிடிக்காததற்குக் காரணம் சரித்திரம் இல்லை, சொந்தக் கணக்கு. 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஏழைகளுக்கு மினிமம் பேலன்ஸ் இல்லாமல், அல்லது மிகக் குறைவாக வைத்து, சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும் என்று. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு சின்ன ஊரில் கிளை. சுற்றறிக்கை என் மேஜை வழியாகத்தான் ஃபைலுக்குப் போனது. பார்த்ததற்கு அடையாளமாக இனிஷியலும் போட்டிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து வயலில் வேலை செய்கிற ஒரு அம்மா வந்து, கணக்கு திறக்க வேண்டும் என்றார். வாசல் படியிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஐம்பது ரூபாய். "ஐந்நூறு ரூபா இருந்தாதான்மா முடியும்" என்று சொல்லி அனுப்பினேன். மேனேஜர் அப்படித்தான் சொல்வார், நானும் சொன்னேன். அந்த அம்மா சண்டை போடவில்லை. "சரிங்க" என்று போய், படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். தாத்தாவின் பேரன் நான். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

சரி, ஓட்டத்துக்குத் திரும்புகிறேன். பாளையத்தில் ஒரு கட்டடத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன். வி.ஜே.டி. ஹால். விக்டோரியா ராணியின் ஜூபிலி ஞாபகமாக 1896-ல் கட்டியது. ஸ்ரீமூலம் பிரஜாசபை இங்கேதான் கூடும். 1911-ல் அந்தச் சபைக்கு அய்யன்காளியை உறுப்பினராக நியமித்தார்கள். ரோட்டில் வண்டி ஓட்டியதற்காக அடி வாங்கியவர், அந்த ஹாலில் எழுந்து நின்று தன் ஜனங்களுக்கு நிலம் வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று பேசினார். பள்ளியில் சேர்க்கச் சொல்லி அரசாங்கம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. அதுவும் காகிதத்தில்தான். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவரே பள்ளியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். 2019-ல் வி.ஜே.டி. ஹாலுக்கு அய்யன்காளி ஹால் என்று பேர் மாற்றினார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் வி.ஜே.டி. என்றுதான் சொல்கிறார்கள்.

வைக்கம் நமக்குத் தெரிந்த கதை, பெரியார் போய்ச் சிறையிருந்தது. 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து உயர்சாதிக்காரர்களே நடந்து வந்து, 25,000 பேர் கையெழுத்துப் போட்ட மனுவை மகாராணியிடம் கொடுத்தது இந்த ஊரில்தான். தெற்கே நாகர்கோவில் பக்கமிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு ஒரு அணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவும் கோயிலுக்குள் போக இல்லை, கோயிலைச் சுற்றியிருக்கிற ரோட்டில் நடக்க.

ஸ்டாச்சுவிலிருந்து இறக்கம். ஓவர்பிரிட்ஜ் தாண்டினால் பழவங்காடி பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சத்தம். கிழக்கேகோட்டை வாசலுக்குள் நுழைந்தால் நேரே கோபுரம். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன்மணி என்று ஒரு கடிகாரம். மணி அடிக்கும்போது இரண்டு ஆடுகள் ஒரு தாடிக்காரர் கன்னத்தில் முட்டும். சரியாக ஆறு மணிக்குப் போய்ச்சேர்ந்தால் பார்க்கலாம். எனக்கு எப்போதும் ஆறு பத்து.

1936 நவம்பர் 12. சித்திரைத் திருநாளுக்கு 24 வயசு முடிந்து ஐந்து நாள். அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. இந்த அறிவிப்பு ஃபைலில் தூங்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனை பேர் ரோட்டில் நடந்து பழகியிருந்தார்கள் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாதம் கழித்து, 1937 ஜனவரியில், காந்தி வெங்கானூருக்கே போய் அய்யன்காளியைப் பார்த்தார். தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று அவர் காந்தியிடம் சொன்னாராம். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடைய பி.காம். தாத்தா அதைப் பார்க்கவில்லை.

கோயிலுக்குள் இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன், வேட்டி கட்டிக்கொண்டு. ஓட்டத்தில் ஷார்ட்ஸோடு போக முடியாது. வாசலில் நின்று ஒரு கும்பிடு, பிறகு சாலை பஜார் பக்கம் தமிழ் பேசுகிற கடையில் ஒரு டீ.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பாமல் தெற்கே போனேன். எங்கள் கிளையில் வேலை செய்கிற வெங்கானூர்க்காரர் ஒருவர், "சாரே, ராஜாவோட வழியிலேயே ஓடுறீங்களே, எங்க வழியிலும் ஒருநாள் வாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருவல்லத்தில் பரசுராமர் கோயிலும் கரமனை ஆறும். அதற்கப்புறம் தென்னையும் வீடுகளும் ஏற்றமும். ஓட்டம் பாதி, நடை பாதி. வெங்கானூரில் அய்யன்காளி நினைவிடத்துக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவன், இது எதற்காகக் கழற்றுவது என்று ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். பிறகு கழற்றினேன்.

அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "நடந்தாங்கப்பா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன். "நீ எப்படிப் போன?" என்றார். ஓடி வந்தேன் என்றதும், "முட்டி என்னாத்துக்கு ஆவும், பஸ்ல வீடு போய்ச் சேரு" என்றார். பஸ்ஸில்தான் வந்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.