பழைய புல்வெட்டிக்கு ஒரு போல்ட்

இங்கிலாந்தில் என் பட்டறைக்கு வரும் பழைய புல்வெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை உருளை வகை. அவற்றின் பூர்வீகம் தோட்டமல்ல, துணி ஆலை. கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் ஸ்ட்ரவுட் வட்டாரத்து எட்வின் பட்டிங் புல்வெட்டியை உருவாக்கி, 1830-இல் காப்புரிமை பெற்றார். 1832-இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிப்பில் இறங்கியது. 1921-இல் பர்மிங்ஹாமிலிருந்து பெட்ரோலில் ஓடும் அட்கோ வந்தது.

சுழலும் கத்திகள் அடியிலுள்ள நிலைக்கத்தியை உரசியும் உரசாமலும் கடக்க வேண்டும். இடையே ஒரு தாளை வைத்து உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுவேன். தாள் சுத்தமாக அறுபட வேண்டும். மடங்கினால், அந்த இடத்தில் கத்தி தேய்ந்திருக்கிறது அல்லது இடைவெளி கூடியிருக்கிறது.

உதிரிபாகம் தேடுபவருக்கு முதல் சிக்கல் மரை. இந்தப் பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை; அதன் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. பருமன் ஒத்துப்போகிறதே என்று புது போல்ட்டை முறுக்கினால், வார்ப்பிரும்பிலுள்ள பழைய மரை அழிந்துவிடும். ஸ்பானரும் வேறு: அதில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் தண்டுக்குரியது, தலைக்குரியதல்ல.

எனவே முதலில் மரை அளவியை வைத்துப் பார்ப்பேன். பிறகு வார்ப்பிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே மாதிரியில் ஓடாமல் கிடக்கும் இயந்திரத்தைத் தேடுவேன். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பழைய உதிரிபாகப் பட்டியல்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பழுதான இயந்திரத்தையும் தூக்கி எறியாதீர்கள். இன்னொன்றை ஓட வைக்கும் பற்சக்கரம் அதற்குள் இருக்கலாம்.