ஷையான் சிறுவிமான விபத்து (1996)

1996 ஏப்ரல் 11 காலை 8.24 மணியளவில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான ஷையானில் செஸ்னா 177பி கார்டினல் ரக ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று மேலெழும்பிய சற்று நேரத்தில் குடியிருப்புத் தெருவில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், அவள் தந்தை லாயிட் டுப்ராஃப், பயிற்றுநர் ஜோ ரீட் ஆகிய மூவரும் உயிரிழந்தனர்.

அமெரிக்காவின் குறுக்கே பறந்து திரும்பும் மிக இளைய விமானி என்ற பெயரை ஜெசிகாவுக்குப் பெற்றுத் தருவதே பயணத்தின் நோக்கம். எட்டு நாளில் சுமார் 6,900 மைல் பறப்பதாகத் திட்டம். முந்தைய நாள் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே நகரிலிருந்து புறப்பட்டு, இரவு ஷையானில் தங்கினர். கின்னஸ் நிறுவனம் இளவயது விமானிச் சாதனைகளை ஏற்பதை 1989 வாக்கிலேயே நிறுத்தியிருந்தது. ஆனாலும் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் இந்தப் பயணத்தைத் தொடர்ந்து மொய்த்தன.

விபத்தின் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. ஷையான் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 6,150 அடிக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் எஞ்சினின் திறனும் புரொப்பெல்லரின் இழுவிசையும் குறையும், தரையை விட்டு எழ அதிக வேகம் வேண்டும், ஏறும் வேகமோ மந்தமாகும். ரீட் பழகியதோ கடலோரத்து ஓடுபாதையில். போதாக்குறைக்கு, விமானம் அனுமதிக்கப்பட்ட எடையைவிட 96 பவுண்டு கூடுதலாகச் சுமந்திருந்தது. இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. சற்று முன் புறப்பட்ட மற்றொரு விமானத்தின் விமானி, காற்றின் வேகம் திடீர் திடீரென மாறுவதாக எச்சரித்தார். அந்தச் செய்தி கட்டுப்பாட்டுக் கோபுரம் வழியே இவர்களுக்கும் எட்டியது. அப்படியும் புறப்பட்டனர். ஓடுபாதையைத் தாண்டியதும் விமானம் வலப்புறம், கிழக்கு நோக்கித் திரும்பியது. சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு இறக்கையின் தூக்குவிசை குலையாமலிருக்க நேரே பறப்பதைவிட அதிக வேகம் தேவை. அந்த வேகம் கிடைக்கவில்லை. இறக்கை தூக்குவிசையை இழந்தது, விமானிகள் ‘ஸ்டால்’ என்று சொல்லும் நிலை இது. தாழ்வாகப் பறக்கையில் இது நேர்ந்தால் மீள இடமே இருக்காது.

விமானத்தை ஓட்டியவர் யார் என்று அந்நாளில் பெரும் விவாதம் நடந்தது. ஓட்டியவர் ரீட்தான், உரிமம் பெற்ற விமானி அவர் ஒருவரே, புறப்படலாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பும் அவருடையதே. சிறுமியின் மீது பழி சுமத்துவது அநியாயம். மோசமாகிவந்த வானிலையில், எடை மிகுந்த விமானத்துடன் புறப்பட்டதையே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகக் கண்டது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகவும் நெருக்கடியான பயண அட்டவணையை விடாமல் பற்றிக்கொண்டதைத் துணைக்காரணமாக வைத்தது.

1996 அக்டோபரில், விமானி உரிமம் இல்லாதவர் சாதனை முயற்சிக்காக விமானத்தை இயக்குவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது.