தூத்துக்குடிக் கரையில் காற்றாலைகள்

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முள்ளக்காட்டில் ஓடத் தொடங்கியது. தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் சாலையில், உப்பளங்களை அடுத்துள்ள ஊர் அது. குஜராத்தின் ஓகா உள்ளிட்ட சில கடலோர இடங்களோடு சேர்த்து, காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து மின்கட்டமைப்பில் சேர்க்க முடியுமா என்று அரசு சோதித்துப் பார்த்த இடங்களுள் இதுவும் ஒன்று. நிறுவிய இயந்திரம் ஒவ்வொன்றின் திறனும் 55 கிலோவாட். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 15 மீட்டர் அளவே. இன்று நிறுவப்படும் இயந்திரம் ஒன்று அப்படிப்பட்ட நாற்பதுக்கு ஈடு. அதே 1986 செப்டம்பரில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. ஆக, இங்கே காற்றாலை மாவட்டத்தைவிட வயதில் மூத்தது.

இந்தக் கரையின் தொழில்கள் எல்லாமே காற்றைப் பார்த்து நடந்தவை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்து, வள்ளம் இறக்குவதா வேண்டாமா என்று பரதவர் முடிவு செய்தனர். முத்துக்குளிப்பு நடந்ததும் கடல் அடங்கிக் கிடக்கும் கோடை மாதங்களில்தான். 1961க்குப் பிறகு அது நடக்கவில்லை. உப்பளக்காரருக்கோ மேல்காற்று வேண்டும்: வெயிலோடு அது வீசினால் பாத்தியில் உப்பு விரைவாக விளையும். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே மலையைக் கடந்து, மழையை மேற்கே இறக்கிவிட்டு, வறண்டு வரும் அந்தக் காற்றுதான் காற்றாலைக்கும் மூலதனம். அதை எண்ணாக்கிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வானிலை அறிவியலாளர் அன்னா மாணி. வானிலைத் துறையில் ஓய்வு பெற்ற பிறகு நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை நடத்தி, 1983இல் அந்தத் தரவுகளை நூலாக்கினார்.

முள்ளக்காட்டை அடுத்து, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் குமரி மாவட்டத்து முப்பந்தலும் களத்துக்கு வந்தன. இவ்விரண்டிலும் டென்மார்க் அரசின் உதவி இருந்தது. இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிலையமும் பின்னர் கயத்தாற்றில் அமைந்தது. சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அதை நடத்துகிறது.

தொண்ணூறுகளில் காற்றாலைகளைப் பெருக்கியது வரிச்சலுகை. போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றதும் பஞ்சாலைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கயத்தாற்றில் சுற்றும் காற்றாடியின் யூனிட், கோவையிலுள்ள மில்லின் கட்டணத்தில் கழிக்கப்பட்டது. காற்றுக் காலத்தில் மிஞ்சியதை மின்வாரியத்தில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளவும் வழியிருந்தது. அந்த வரிச்சலுகை பின்னர் பலமுறை குறைந்தும் கூடியும் வந்தது. பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்த தமிழகக் காற்றாலைத் துறைக்கு அடித்தளம் இதுதான். கிராமத்தின் பார்வையில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. காற்றாடி நிற்பது நம்மூரில், அதன் வருமானம் போவது வேறூருக்கு. ஊருக்குக் கிடைத்தவை நிலத்தின் விலை, காவலாளி வேலை, கட்டுமானக் காலத்து வாடகை, டீக்கடை வியாபாரம்.

2000க்குப் பிறகு இயந்திரங்கள் கணவாய் வாயிலிருந்து கிழக்கே நகர்ந்து, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டங்களின் கரிசல் காட்டுக்குள் இறங்கின. மானாவாரிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் மண் அது; காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும், நனைந்தால் பொதுமி வீங்கும். அதில் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தை நிறுத்த, ஆழத் தோண்டி நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் கொட்ட வேண்டும். கோபுரத்தின் அடிப்பகுதி கொள்ளும் இடம் சொற்பம். இடத்தைத் தின்பவை மற்றவை: கிரேன் நிற்கக் கெட்டித்த மேடை, நீண்ட டிரெய்லர் திரும்புவதற்கான சரளைச் சாலை, துணை மின்நிலையம், அதுவரை வயல்வெளியில் வரிசையாகப் போகும் மின்கம்பங்கள்.

காற்றாலையின் பாதிப்பைப் பற்றி மேல்நாட்டு நூல்கள் ஓசையையும் பறவையையும் முதலில் வைத்துப் பேசும். இங்கே முதலில் வைக்க வேண்டியது தண்ணீரின் பாதை. கரிசல் நிலம் கண் பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும், ஐப்பசி மழையில் எந்த வரப்போரம் நீர் ஓடி எந்தக் கண்மாயில் விழும் என்பது உழுகிறவனுக்குத் தெரியும். சரளைச் சாலை நிலத்தைவிட இரண்டு அடி உயர்ந்தால் அது ஓர் அணை. அடியில் போட்ட குழாய் சிறுத்துவிட்டால் சாலைக்கு மேற்கே பயிர் அழுகும், கிழக்கே கண்மாய் வறளும். ஓடையை மண் போட்டு மூடியதாகவும், வண்டிப்பாதையையும் மேய்ச்சல் புறம்போக்கையும் மறித்ததாகவும் எழுந்த புகார்கள் இவ்வட்டங்களில் பலமுறை ஆட்சியர் அலுவலகம் வரை போயுள்ளன. நிலத்தை விற்றவனுக்குப் பணம் கிடைத்தது. புறம்போக்கில் ஆடு மேய்த்து, அறுத்த காட்டில் கிடை போட்டுப் பிழைத்தவனிடம் விற்க ஒன்றும் இல்லை. அவன் இழப்புக்கு ரசீதும் இல்லை.

ஓசை இரண்டு வகை. கோபுர உச்சியிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் இரைச்சல் ஒன்று. இறக்கை காற்றைக் கிழிக்கையில் எழும் ‘உஸ்... உஸ்...’ என்ற விட்டுவிட்டு வரும் ஒலி மற்றது. பகலில் பிற சத்தங்களில் அது கரைந்துவிடும். ஊர் அடங்கிய பிறகு, முற்றத்தில் கட்டில் போட்டுப் படுப்பவர் காதில் ஒவ்வொரு சுற்றும் விழும். காலையிலும் மாலையிலும் சூரியன் இறக்கைக்குப் பின்னால் வந்தால், சுவரில் நிழல் வெட்டி வெட்டி ஓடும். வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை அமைக்கக் கூடாது என்று மத்திய அமைச்சகம் வழிகாட்டியது 2016இல்தான். அதற்குள் இம்மாவட்டத்தில் காற்றாலைக்கு முப்பது வயது.

மழையைப் பற்றிய குற்றச்சாட்டுதான் ஊருக்கு ஊர் கேட்பது: காற்றாடி மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்பார்கள். இதற்கு அடிப்படை இல்லை. மழை மேகம் கிலோமீட்டர் கணக்கான உயரம் எழும்புவது. இறக்கையின் நுனியோ இருநூறு மீட்டர் உயரத்தை ஒட்டியது. தூத்துக்குடி தென்மேற்குப் பருவத்தில் மழை மறைவுப் பகுதி. அதற்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவம். அந்த மாதங்களில் காற்றாடி பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். காற்று மிகுந்த வறண்ட இடத்தைத் தேடித்தான் காற்றாலை வந்தது. வறட்சியைக் கொண்டு வந்தது அதுவல்ல. ஆனால் இந்தக் கூற்றைச் சிரித்துத் தள்ளிய அதிகாரிகளும் நிறுவனத்தாரும், அதே மனுவின் அடுத்த வரியிலிருந்த ஓடைப் புகாரையும் சேர்த்துத் தள்ளியதுதான் நடந்த பிழை.

உயிரினங்கள் மீதான விளைவுக்கு இந்தியாவில் அதிகம் பேசப்படும் ஆய்வு மகாராஷ்டிரத்தின் சால்கேவாடிப் பீடபூமியில் நடந்தது, 2018இல் வெளியானது. காற்றாலை நிற்கும் இடங்களில் வேட்டைப் பறவைகள் மற்ற இடங்களில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. அவை இல்லாததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகின. பெருகியவற்றின் பழக்கமும் உடல் நிலையும் மாறின. இறக்கையில் அடிபட்டு விழும் பறவையை மட்டும் எண்ணினால் இந்தச் சங்கிலி கண்ணில் படாது. வல்லநாட்டு வெளிமான் சரணாலயமும், கண்மாய்களுக்கு வலசை வரும் நீர்ப்பறவைகளும் உள்ள தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது பொருந்திப் பார்க்க வேண்டிய பாடம்.

தரையில் அமையும் காற்றாலைக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் அது ‘வெள்ளை’த் தொழில். புகையும் சாம்பலும் இல்லை என்ற அளவில் அது நியாயமே. 1979 முதல் கடற்கரையில் நிலக்கரி எரிக்கும் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தை அருகில் வைத்துக்கொண்டு காற்றாலையை அழுக்குத் தொழில் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் மதிப்பீடு இல்லையென்றால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை; ஓடை எங்கே ஓடுகிறது என்று ஊரைக் கேட்க எவருக்கும் கட்டாயமில்லை.

தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு இதே தொழில் பெரிய சரக்காயிற்று. 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகள் இங்கே கப்பலேறுகின்றன. பழைய இயந்திரங்களைக் கழற்றிப் பெரியவற்றை வைக்க மாநில அரசு 2024இல் கொள்கை வகுத்தது. எண்ணிக்கை குறைவதும் மின்சாரம் கூடுவதும் நல்லதே. கண்ணாடியிழையாலான பழைய இறக்கைகளை உருக்கி மறுபடி வார்க்க முடியாது என்பது அடுத்த சிக்கல்.

அடுத்த கட்டம் கடல். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் அமைக்க உதவியாக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த ஒதுக்கிய 600 கோடியும் இதில் அடக்கம். தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் முத்துப் பார்களும் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் 21 தீவுகளும் உள்ளன. சங்கு குளிப்பவர்கள் இன்றும் கடலில் இறங்குகிறார்கள். தூண் அடிக்கும் அதிர்வு, கலங்கும் வண்டல், புதைக்கும் கேபிள், படகு நுழையக் கூடாத வட்டம் ஆகிய நான்கும் இவர்களைத் தொடும்.

இதே வளைகுடாவின் எதிர்க்கரையில், அதுவும் முத்துக்குப் பேர்போன மன்னாரில், நடந்ததைப் பார்ப்பது பயன்தரும். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி பண்ணை 30 இயந்திரங்களோடு திறக்கப்பட்டது. மழைநீர் வடியவில்லை, மீன் விலகுகிறது, வலசைப் பறவைகளின் வழி மறிக்கப்படுகிறது என்று மக்கள் முறையிட்டனர். அடுத்து வரவிருந்த திட்டத்திலிருந்து அதானி குழுமம் 2025 பிப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னாரில் தொடர் போராட்டம் எழுந்தது.

தூத்துக்குடிக் கடலில் இதுவரை ஒரு காற்றாலையும் நிறுவப்படவில்லை. கடல் காற்றாலைக்குத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை கூறுகிறது. அந்த மதிப்பீட்டைத் தமிழில் எழுதி, இடம் குறிக்கும் முன்பே மீனவர் ஊர்களில் வைக்க வேண்டும்; கரிசல் காட்டில் அது நடக்கவில்லை.