கோட்டைவாசல் இறக்கமும் 'எல்' என்ற எழுத்தும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன சீசனில் தம்பி மகன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஐந்தருவியில் குளித்த மறுநாள், எல்லோரும் அவன் காரில் தென்மலை அணை பார்க்கப் போனோம். கியர் மாற்றத் தேவையில்லாத கார் அது. திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசலில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்ததுமே புளியரை இறக்கம் தொடங்கிவிடும். முன்னால் லாரி வரிசை, மேலே சாரல். அவன் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. எஸ் வளைவை நெருங்கும்போது வண்டிக்குள் கருகிய வாடை வந்தது.

"பெரியப்பா, பிரேக் முன்ன மாதிரி பிடிக்கல. கால் உள்ள போகுது" என்றான். குரல் நடுங்கியது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள்.

"எல்லுல போடுய்யா" என்றேன்.

"எல்லுன்னா என்ன பெரியப்பா?"

அவன் எட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறான். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் அந்த எழுத்து அத்தனை நாளும் இருந்திருக்கிறது. நானே எட்டிப் பார்த்து அதில் போடச் சொன்னேன். எஞ்சின் உறுமியது, வண்டி தானாக அடங்கியது. ஓரம் பார்த்து நிறுத்தி, முக்கால் மணி நேரம் சக்கரம் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கியர் போடவே தெரியலை" என்று நான் ஆரம்பிக்க, வழக்கம்போல வீட்டுக்காரி என்னை அடக்கினாள். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் வரலாற்று வாத்தியார் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும்.

கியர் எதற்கு? பெட்ரோல் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் பலம் காட்டும். ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும், எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே தரகு பேசுவது கியர்ப் பெட்டி. தரகு நடக்கும்போது இரண்டையும் சற்றுப் பிரித்து வைப்பது கிளட்ச். பிரான்சில் பனார்ட் லெவாஸோர் கம்பெனி 1890-களில் செய்த கார்களில் இன்றைய ஏற்பாட்டின் முன்னோடி வந்துவிட்டது. 1908-இல் ஹென்றி போர்டு கொண்டுவந்த டி மாடல் காரில் கியரைக் காலால்தான் மிதித்தார்கள், வேகம் இரண்டே இரண்டு.

அந்தக் காலத்தில் கியர் மாற்றுவது பெரிய வித்தை. பல்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாவிட்டால் கரகரவென்று அரைக்கும். அதனால் கிளட்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் வேகத்தைச் சரிபண்ணி, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். இதுதான் டபுள் கிளட்ச். 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் கார், பல்சக்கரங்கள் தாமே வேகத்தைச் சமன்செய்துகொள்ளும் சின்க்ரோமெஷ் முறையைக் கொண்டுவந்தது. கிளட்ச் மிதியே இல்லாத முழு ஆட்டோமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்துவிட்டது. ஆக, "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று நாம் பேசும் சமாச்சாரத்துக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நம் ஊருக்கு வந்து சேரத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்த மலைக்கணவாயை முதலில் எஞ்சினால் தாண்டியது மோட்டார் வண்டி அல்ல, ரயில். செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. ரயிலுக்கே இந்த ஏற்றம் லேசானதில்லை, பின்னால் இன்னொரு எஞ்சின் வைத்துத் தள்ளுவார்கள். அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம், தென்காசி பிரிட்டிஷ் இந்தியா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்த பிறகுதான் செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும், கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்கள் ஓடின. பின்பக்கம் ஒரு கரி அடுப்பு உருளை நிற்கும். அந்த வாயுவில் பெட்ரோல் அளவுக்கு இழுவை கிடையாது. ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், சில சமயம் தள்ளவும் தள்ளுவார்கள் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட வண்டியை மேடேற்றிய டிரைவருக்கு ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கார் ஓட்டப் பழகியது 1980-களில், தென்காசியில் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டிய ஓர் அண்ணாச்சியிடம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அப்படியே எடுத்து 1950-களின் கடைசியில் இங்கே செய்யத் தொடங்கிய வண்டி அது. 2014 வரைக்கும் தயாரித்தார்கள். அந்த நாள் அம்பாசிடரிலும் பியட்டிலும் கியர்க் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். அதனால் முன் சீட்டில் டிரைவரோடு இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கல்யாண வீட்டுக் கார்களில் நான்கு பேர் உட்கார்ந்ததும் உண்டு, அதைச் சட்டத்தில் சேர்க்காதீர்கள்.

அண்ணாச்சி மூன்று பாடம்தான் சொன்னார். முதல் பாடம், "வண்டியக் கையால ஓட்டாதீரும் சாரே, காதால ஓட்டும்." எஞ்சின் திணறும் சத்தம் கேட்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். இரண்டாம் பாடம், ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, ஆஃப் கிளட்சில் வண்டி துடிப்பதை உணர்ந்து, பிறகு பிரேக்கை விடுவது. சீசனில் ஐந்தருவி சாலை நெரிசலில் ஒரு நாள் மாட்டினாலே இதில் தேர்ச்சி வந்துவிடும், கிளட்ச் தீய்ந்த வாடையோடு. மூன்றாவதுதான் முக்கியம்: "எந்தக் கியருல ஏறுவீரோ, அதே கியருல இறங்கும்." கீழ்க்கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி, பிடிப்பு குறைந்து, பிரேக் ஆயில் கொதித்துக் கைவிட்டுவிடும்.

மலைச்சாலையில் இடம் போதாவிட்டால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதிகளே சொல்கின்றன. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று கியர் வண்டி ஓட்டியவனுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.

பழைய ஆட்கள் எல்லோரும் ஞானிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிவந்தவர்களும் நம் தலைமுறைதான். கீழ்க்கியரில் இறங்காததைவிட அது மோசம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கியர்க் கம்பி ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு இறங்கியது. கிளட்ச் பூப்போல இருந்தது. வாத்தியார்களும் பேங்க் குமாஸ்தாக்களும் டிரைவர் வைக்காமல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். அதற்கப்புறமும் முப்பது வருஷம் ஆட்டோமேட்டிக் இங்கே எடுபடவில்லை. விலை கூடுதல், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். 2014-இல் மாருதி செலேரியோ அதை மாற்றியது. அதில் கிளட்சும் கியர்ப் பெட்டியும் வழக்கம்போலவே இருந்தன. மிதிப்பதையும் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்தது, அவ்வளவுதான். விலை அதிகம் ஏறவில்லை, மைலேஜும் குறையவில்லை. அதன் பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் வந்தன. இப்போது மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வாகனத்துக்கு மட்டும் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று உரிமத்தைப் பிரிக்கிறது. காருக்கு அந்தப் பிரிவு இல்லை. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் ஆட்டோமேட்டிக்கில் பரீட்சை எழுதியவர் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 3ஏ என்றால் என்னவென்று தெரியும். இங்கே ஆட்டோமேட்டிக்கில் மட்டும் பழகியவர் நாளைக்கே கியர் காரை எடுத்துக்கொண்டு கோட்டைவாசல் ஏறலாம். சட்டம் தடுக்காது, ஏற்றம்தான் தடுக்கும்.

இப்போது வீட்டுக்காரி சொன்னதைச் சொல்கிறேன்.

"அந்தப் பிள்ளையைத் திட்டுறீங்களே, எனக்குக் கியர் சொல்லிக்குடுத்தீங்களா?"

எங்களிடம் ஒரு பஜாஜ் சேட்டக் இருந்தது. இடது கைப்பிடியில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பிடியையே திருப்பிக் கியர் மாற்ற வேண்டும். அவளும் ஆசிரியை. நான் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போவேன், அவள் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்பாள். பழகிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டாள். "கியர் வண்டி உனக்கு ஒத்துவராது" என்றேன். எந்தக் காரணமும் சொல்லவில்லை, சொல்லக் காரணமும் இல்லை. அவள் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

1984-லேயே கினெட்டிக் ஹோண்டா என்ற கியர் இல்லாத ஸ்கூட்டர் வந்திருந்தது. பட்டனை அமுக்கினால் கிளம்பும். 1990-களின் நடுவில் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. அவள் தன் பிராவிடண்ட் பண்டிலிருந்து கடன் எடுத்து ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். என்னைக் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் தென்காசித் தெருக்களில் ஓட்டினாள். அதன் பிறகு அவள் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், மகளை டியூஷனுக்கு விட்டாள், இலஞ்சி கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தாள். 2001-இல் ஆக்டிவா வந்தபின் ஊர் முழுக்க இதே கதை. அந்தக் கைப்பிடிக் கியர்ச் சேட்டக் பின்னாளில் நின்றுபோனது. 2020-இல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது, கியர் இல்லாமல்.

கியர் என்பது திறமை மட்டுமல்ல, ஒரு காலத்தில் அது வேலியாகவும் இருந்திருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வண்டி எடுக்க, யாரோ கியரைக் கழற்ற வேண்டியிருந்தது. கால் ஊனமுற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதே கதைதான். இப்போது என் இடது முழங்காலும் கிளட்ச் வேண்டாம் என்கிறது.

அதனால் கியர் போகிறதே என்று நான் அழப்போவதில்லை. ஆனால் கியரோடு சேர்ந்து போகக்கூடாத ஒன்று இருக்கிறது. கியர் வண்டியில் மேடு பள்ளத்தை நம் கால் உணரும், சத்தத்தைக் காது உணரும். உணராவிட்டால் வண்டி நின்று போய் நம்மைத் திட்டும். இப்போதைய வண்டி திட்டுவதில்லை. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற மாதிரியே கோட்டைவாசல் இறக்கத்திலும் 'டி'யில் உருட்டிவிடும். கியர் மாற்றும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டது. சரிவைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. முப்பத்தாறு வருஷம் வகுப்பெடுத்த நானே என் தம்பி மகனுக்குச் சொல்லவில்லையே!

அதனால் அண்ணாச்சியின் மூன்றாம் பாடத்தை உங்களுக்கு இப்போது சொல்கிறேன். சீசனுக்கோ, கார்த்திகையில் ஆரியங்காவு ஐயப்பனைப் பார்க்கவோ வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் 'எல்', '2', 'எம்' இவற்றில் ஏதாவது இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அதற்கு மாற்றுங்கள். 'எம்' என்றால் முதல் அல்லது இரண்டாம் கியரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், தடவிக்கொண்டே வராதீர்கள். மின்சார வண்டியில் பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஏறும் அமைப்பைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலை உச்சியில் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு குறையும், மறக்காதீர்கள். நியூட்ரல் கூடவே கூடாது.

தம்பி மகன் பெங்களூர் திரும்பும் முன், அவனை மறுபடி கோட்டைவாசல் வரை கூட்டிப்போனேன். இந்தத் தடவை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவனே மாற்றினான், அவனே இறக்கினான். எஸ் வளைவு தாண்டியதும், "சத்தம் கேக்குது பெரியப்பா" என்றான்.

பின் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரி, "எனக்கு முன்னாடியே கேட்டுச்சு" என்றாள்.