யாருக்கு இந்தப் பந்தி? பாப்டிஸ்ட் மரபில் கர்த்தருடைய இராப்போஜனம்

கத்தோலிக்கருக்கு அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது, லூத்தரன் சபையாருக்கு அப்பத்தோடு கிறிஸ்துவும் உடனிருக்கிறார், பாப்டிஸ்டுகளுக்கு அது நினைவுகூரல் மட்டுமே. இறையியல் பாடநூல்கள் பலவும் இராப்போஜனக் கொள்கைகளை இப்படித்தான் வரிசைப்படுத்துகின்றன. மாணவர்களுக்கு இது வசதியான வரிசை. ஆனால் மூன்றாவது கூற்று பாப்டிஸ்டுகளின் வரலாற்றோடு பொருந்தவில்லை. நினைவுகூரல் மட்டுமே என்றால், அந்தப் பந்தியில் யார் அமரலாம் என்பதற்காக அவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தங்களுக்குள்ளேயே வாதாடியிருக்க வேண்டியதில்லை. அந்த வாதாட்டமே அவர்கள் கொள்கைக்குச் சிறந்த சான்று என்பதும், பாப்டிஸ்டுகளுக்கு இராப்போஜனத்தின் பொருள் அப்பத்தைச் சுற்றிக் கூடும் சபையிலேயே தங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கொள்கை. நினைவுகூரல் கருத்தின் வேர் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி சுவிங்லியிடம் உள்ளது. 1529இல் மார்பர்க்கில் லூத்தரோடு அவர் உடன்பட முடியாமல் போனதும் இதே கேள்வியில்தான். ஆங்கில பாப்டிஸ்டுகள் அவருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்தியவர்கள். அவர்களில் கால்வினியப் பிரிவினர் 1677இல் வகுத்து 1689இல் பொதுவில் ஏற்ற இரண்டாம் லண்டன் விசுவாச அறிக்கையின் 30ஆம் அதிகாரம் இராப்போஜனத்தைப் பற்றியது. அப்பம் உடலாக மாறுவதை அது மறுக்கிறது. பூசையைப் பலியாகக் கருதுவதையும் மறுக்கிறது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. தகுதியோடு பங்குபெறுவோர் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவை விசுவாசத்தால், ஆவிக்குரிய விதத்தில், மெய்யாகவே உட்கொள்கிறார்கள் என்றும் கூறுகிறது. இது பிரஸ்பிட்டேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையிலிருந்து எடுத்தெழுதியதுதானே என்று ஒதுக்குவோர் உண்டு. எடுத்தெழுதியது உண்மை. ஆனால் ஞானஸ்நானத்திலும் சபை ஆளுகையிலும் அதே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைத் தயங்காமல் மாற்றியவர்கள், இந்த இடத்தைத் தெரிந்தேதான் விட்டுவைத்தார்கள். ஹைடல்பர்க் வினாவிடையைத் தழுவி ஹெர்க்குலிஸ் காலின்ஸ் 1680இல் வெளியிட்ட வினாவிடையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாரந்தோறும் இராப்போஜனம் ஆசரித்த ஸ்பர்ஜனின் பிரசங்கங்களும் இதே தடத்தில் செல்பவை.

பின்னர் இது மெலிந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு இயக்கம் ஆங்கிலிக்கன் சபையைக் கத்தோலிக்கத்தின் பக்கம் சாய்த்தபோது, பலிபீடம், பூசை என்ற எதன் சாயலும் தங்கள் மேல் படக்கூடாது என்ற எச்சரிக்கை பாப்டிஸ்டுகளிடம் மிகுந்தது. அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்டுகளின் 1963, 2000ஆம் ஆண்டு அறிக்கைகள் இராப்போஜனத்தை அடையாளச் செயலாகவும் கீழ்ப்படிதலாகவும் நினைவுகூரலாகவும் மட்டுமே விளக்குகின்றன. அதே 2000ஆம் ஆண்டு அறிக்கை, ஞானஸ்நானம் இல்லாமல் பந்தியில் உரிமையில்லை என்றும் விதிக்கிறது. அடையாளம் மட்டுமே என்றால் இவ்வளவு காவல் ஏன்? இந்தக் கேள்வியை அந்த அறிக்கை எதிர்கொள்ளவில்லை.

ஆசரிக்கும் முறையே விடையில் ஒரு பகுதியைச் சொல்லிவிடுகிறது. பாப்டிஸ்ட் ஆலயத்தில் பலிபீடம் கிடையாது, மேசைதான் உண்டு. மக்கள் எழுந்து சென்று மண்டியிட்டுப் பெறுவது வழக்கமில்லை. போதகர் நன்றி கூறி அப்பத்தைப் பிட்டதும், உதவிக்காரர்கள் அதை இருக்கை வரிசைகளுக்குக் கொண்டுவர, ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். ஆக, பரிமாறுவது சபையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோய்க்கிருமி பற்றிய அச்சத்தால் பொதுப் பாத்திரம் போய் ஆளுக்கொரு சிறு கிண்ணம் வந்தது. மதுவிலக்கு இயக்கத்தின் விளைவாகத் திராட்சை மதுவின் இடத்தைப் புளிக்காத சாறு பிடித்தது. சாறு மாறியதில் பெரிய இழப்பில்லை. பாத்திரம் மாறியதில் இழப்பு உண்டு என்றே கருதுகிறேன். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் பலராகிய நாம் ஒரே உடல் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய வாதம், தனித்தனிக் கிண்ணங்களுக்கு நடுவே கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடுகிறது.

இனிச் சச்சரவு. பன்னிரண்டு ஆண்டுச் சிறையிலிருந்து 1672இல் விடுதலையான ஜான் பனியன், மறு ஆண்டே ஒரு சிறுநூல் எழுதினார்: தண்ணீர் ஞானஸ்நானம் குறித்த கருத்து வேறுபாடு பந்திக்குத் தடையல்ல. பெட்ஃபோர்டில் அவர் சபையில் குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர்களும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களும் சேர்ந்தே அமர்ந்தார்கள். லண்டனில் வில்லியம் கிஃபின் இதை ஏற்கவில்லை. 1681இல் மறுப்பு எழுதினார். விசுவாசம், முழுக்கு, சபை உறுப்பினராதல், பந்தி என்ற வரிசையை அப்போஸ்தலர்களே வகுத்தார்கள், அதைக் குலைக்க எந்தச் சபைக்கும் அதிகாரமில்லை என்பது அவர் வாதம். ஆனால் 1677 அறிக்கையின் பிற்சேர்க்கை, இவ்விஷயத்தில் தங்களுக்குள் ஒருமனம் இல்லாததால் வேண்டுமென்றே எதுவும் கூறாமல் விட்டோம் என்று ஒப்புக்கொள்கிறது. 1689இல் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களுள் கிஃபினும் ஒருவர்.

1815இல் பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஹால் வாதத்தைப் புதுப்பித்தார். இரட்சிப்புக்கு நிபந்தனையாகாத எதையும் பந்திக்கு நிபந்தனையாக்கச் சபைக்கு உரிமையில்லை என்றார். நார்விச் நகரின் ஜோசப் கிங்ஹார்ன் அடுத்த ஆண்டே பதிலளித்தார். கிங்ஹார்ன் ஊழியம் செய்த அதே சபை பின்னர் பந்தியைத் திறந்துவிட, வழக்கு நீதிமன்றம் ஏறியது. பந்தியை மூடி வைப்பது பாப்டிஸ்ட் கொள்கையின் அடிப்படை அல்ல என்று 1860இல் தீர்ப்பானது. அதற்கு அடுத்த ஆண்டு லண்டனில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் உருவாயிற்று. சென்னை, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளிலும், ஜெஸ்ஸி பிராண்ட் வழியாகக் கொல்லிமலையிலும் பணியாற்றிய அந்த மிஷனின் பெயரில் உள்ள கண்டிப்பு, இந்தப் பந்தி விதியையே குறித்தது.

இரு தரப்பும் எதைப் பொதுவாக நம்பின என்று பார்த்தால், பந்தியில் அமர்வதே சபையாவது என்பதுதான். வங்காளத்தில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் பணியாற்றிய செராம்பூரில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. 1800 டிசம்பரில் தச்சர் கிருஷ்ண பால் முதலில் மிஷனரிகளோடு உணவருந்திச் சாதியைத் துறந்தார். சில நாட்களில் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் விசுவாசியான பிராமணர் கிருஷ்ண பிரசாத், கிருஷ்ண பாலுக்குப் பிறகே அப்பமும் ரசமும் பெற்றார். 1803இல் கிருஷ்ண பாலின் மகளையே மணந்தார். இதே செராம்பூர் சபை, மிஷனரி வில்லியம் வார்டின் தூண்டுதலால் 1805இல் மற்றச் சபையாருக்குத் திறந்த பந்தியை, சக மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மனமாற்றத்தால் 1811இல் மூடியது. சாதியை வென்ற அந்தப் பந்தியில், ஹென்றி மார்ட்டின் போன்ற ஆங்கிலிக்கன் நண்பருக்கு அவ்விதிப்படி இடமில்லை.

கிஃபினின் வரிசை ஒழுங்கானது. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்ட காரணம் அவர்கள் பெற்ற ஞானஸ்நானம் அல்ல. வசதியுள்ளோர் முந்திச் சாப்பிட, இல்லாதோர் பசியோடு நின்றதுதான். தன்னைத்தானே சோதித்தறியும்படி அவர் சொன்னது அந்தச் சூழலில்தான். ஆகவே பனியன் பக்கமே நியாயம் கூடுதல் என்பது என் முடிவு. காவல் தேவைதான். அதை வைக்கவேண்டிய இடம் சபையாரின் ஒருவரோடொருவர் உறவு. இராப்போஜனத்துக்கு முன்பு கூடி, உடன்படிக்கையைப் புதுப்பித்து, மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொண்ட பழைய பாப்டிஸ்ட் வழக்கம் இதற்காகவே இருந்தது.

1970இல் வட இந்தியத் திருச்சபையில் இணைந்த பாப்டிஸ்டுகள் இருவகை ஞானஸ்நானத்தாரோடும் ஒரே பந்தியில் அமர ஒப்புக்கொண்டார்கள். இணையாத சபைகள் தமிழகத்திலும் உள்ளன. தங்கள் மரபைக் காக்க அவற்றுக்கு உரிமை உண்டு. அச்சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வருகிறவர் எந்த முறையில் ஞானஸ்நானம் பெற்றார் என்று கேட்பதற்கு முன், ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரின் வீட்டில் பெண் எடுப்பார்களா, பெண் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.