ஒறம்பரை இல்லாத திருடர்கள்

சென்னிமலையில் எங்கள் வீட்டு டிவியில் ‘சூது கவ்வும்’ (2013) ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷம் கைத்தறியில் உட்கார்ந்த சித்தப்பா பாதிப் படத்தில் கேட்டார்: “ஏங்கண்ணு, இவனுக நாலு பேத்துக்கும் ஒறம்பரைன்னு ஒருத்தருமே இல்லியா?” சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், தமிழ் சினிமாத் திருடனின் வரலாற்றையே இந்தக் கேள்வியிலிருந்து எழுதலாம் போலிருந்தது.

சித்தப்பா மனசிலிருந்த திருடன் வேறு. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’ (1954). நாமக்கல் கவிஞரின் நாவல். அதை டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். எம்.ஜி.ஆரின் கள்ளன் இருக்கிறவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பவன். எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் எழுதிய நூலில் ‘சமூகக் கொள்ளையன்’ என்று வகுத்தது இவனைத்தான்: அரசு குற்றவாளி என்கிறது, ஜனங்கள் நம்ம ஆள் என்கிறார்கள். ஆனால் கதையாடலின் சூட்சுமம் முடிவில் இருக்கிறது. கள்ளன் வேறு யாருமல்ல, நாயகிக்கு முறைப்பையன். சட்டம் ஏற்கிறதோ இல்லையோ, உறவுமுறை அவனை ஏற்றுக்கொள்கிறது. விளிம்பில் நின்றதாக நாம் நம்பியவன் மையத்தின் பிள்ளைதான். முறை என்பது சாதிக்குள் இருக்கிற விஷயம் என்பதையும் சேர்த்து வாசித்தால், அந்த மன்னிப்பு எல்லாத் திருடனுக்கும் கிடைக்கக்கூடியதல்ல.

நலன் குமாரசாமியின் உதிரிகளுக்கு அந்த வழியும் இல்லை. ஒருவன் செய்யாத தப்புக்கு ஐடி வேலையை இழந்தவன். ஒருவன் ஓட்டலில் கார் ஓட்டும் வேலையை இழந்தவன். ஒருவன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டிவிட்டுச் சென்னைக்கு வந்தவன். இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தாஸுக்கு (விஜய் சேதுபதி) இருக்கிற ஒரே துணையும் அவன் கற்பனையில் வாழ்கிற பெண். ஆள் கடத்த ஐந்து விதி வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவன்மேல் கை வைக்காதே என்பது முதல் விதி. மலைக்கள்ளனின் அறம் இங்கே தலைகீழாகிறது. இவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுக்க இவர்களுக்கு ஒரு ஊர் ஏது? பாஞ்சாலி சபதத்திலிருந்து தலைப்பை எடுத்த படம், தருமம் மீண்டும் வெல்லும் என்கிற பிற்பாதியை விட்டுவிடுகிறது. நேர்மையான அமைச்சர் ஓரங்கட்டப்பட, கடத்தப்பட்ட மகனுக்கே கட்சி சீட்டு கிடைக்கிறது.

அப்படியானால் ஒறம்பரை இருந்தால் மனுஷன் யோக்கியனாகிவிடுவானா? படம் வந்ததற்கு முந்தின வருஷம், 2012 ஆகஸ்டில், எங்கள் பக்கத்துப் பெருந்துறையை மையமாகக் கொண்டு நடந்த ஈமு கோழித் திட்டம் சரிந்தது. முன்பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவார்கள். மாதாமாதம் ஒரு தொகை, வருஷக் கடைசியில் போனஸ். விளம்பரத்தில் நடிகர்கள் வந்தார்கள். கடைசியில் தீனியில்லாமல் தவித்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போடவேண்டி வந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1997ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் கோவை தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது.

பெரியப்பா மகன் இரண்டு தறியை விற்று அதில் போட்டார். அவரைச் சேர்த்துவிட்டவர் எங்களுக்கு மாமன் முறை. அவரைச் சேர்த்தவர் அவருடைய சம்பந்தி. எனக்குத் தெரிந்தமட்டில் எங்கள் ஊரில் பணம் போனது விளம்பரத்தை நம்பி அல்ல, முறையை நம்பி. ஒறம்பரை இல்லாத நாலு பேர் கேட்டிருந்தால் அண்ணன் ஐந்நூறு ரூபாய்கூடக் கொடுத்திருக்கமாட்டார்.

உதிரிகளைப் பார்த்துச் சிரிக்கிறோம் — அவர்களுக்குத் திருடத் தெரியவில்லை என்று. திருடத் தெரிந்தவர்களைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருவதில்லை; எழுந்து நின்று, ‘வாங்க’ என்கிறோம். மலைக்கள்ளனை மன்னித்த அதே உறவுமுறைதான் இதையும் மன்னிக்கிறது. கொட்டாயைச் சுற்றிக் கட்டிய கம்பிவலைக்குள் அண்ணன் இப்போது வெள்ளாடு வளர்க்கிறார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை இன்றைக்கும் அந்த மாமனுக்குத்தான் போகிறது.